கரையோர நடையும் கடலின் நேரமும்: வட இங்கிலாந்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் நடக்கக் கிளம்புகிறவர்கள் மழை வருமா என்று பார்க்கிறார்கள், சாப்பாடு கட்டிக்கொள்கிறார்கள், பஸ் நேரம் குறித்துக்கொள்கிறார்கள். கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று பார்ப்பவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய தவறு கிடையாது.

யார்க்‌ஷயரில் ராபின் ஹுட்ஸ் பே என்ற பழைய மீனவர் கிராமத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். செங்குத்தான தெரு நேராகக் கடலில் போய் இறங்கும். நீர் வற்றினால் பாறைத் தட்டுகள் வளைவு வளைவாக வெளியே தெரியும். இடுக்குகளில் தேங்கிய நீரில் குட்டி நண்டுகள் ஓடும். அங்கிருந்து தெற்கே பாகிள் ஹோல் என்ற சிறு குடாவுக்குக் கரை வழியாக ஒரு கிலோமீட்டர் போலத்தான். மாட்டிக்கொள்வது இந்தச் சின்ன தூரத்தில்தான். குழந்தைகள் நண்டு தேடும்போது நேரம் போவதே தெரியாது. கரை நேர்கோடாக இல்லாததால், குன்று துருத்திக்கொண்டிருக்கும் இடங்களில் நீர் முதலில் பாறையடியைத் தொட்டுவிடும். உங்கள் காலடியில் மணல் காய்ந்தே கிடக்கும், ஆனால் இரு பக்கமும் வழி அடைபட்டிருக்கும். பின்னால் இருப்பதோ களிமண் குன்று. ஏறப் பார்த்தால் சரியும்.

ஆகவே, கடல் வற்றிக்கொண்டிருக்கும்போதே இறங்குங்கள், முழுதாக வற்றும் நேரத்துக்குள் திரும்பத் தொடங்கிவிடுங்கள். ஏற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்றைய நேரம் இன்றைக்கு ஆகாது. இன்னொன்று: சில அட்டவணைகள் கோடையிலும் கிரீன்விச் நேரத்திலேயே இருக்கும். மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை அதோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நார்தம்பர்லாந்தில் லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் போகும் சாலையைக் கடல் தினமும் இரண்டு முறை மூடும். கடக்கக்கூடிய நேரத்தை மாவட்ட நிர்வாகம் வெளியிடுகிறது. "கணுக்கால் அளவு தண்ணீர்தானே" என்று காரை விட்டவர்கள், தூண்கள் மேல் நிற்கும் சிறு மரக்கூண்டில் ஏறி மீட்புப் படகுக்குக் காத்திருக்க நேர்ந்திருக்கிறது. மணல் வழியே கம்பங்களைப் பார்த்து நடந்து போகும் பழைய யாத்திரைப் பாதையும் உண்டு. வண்டிகளுக்குச் சொன்ன நேரத்தை நம்பி அதில் இறங்காதீர்கள். சுமார் 5 கிலோமீட்டர் ஈர மணலில் நடக்கும் வேகம் வேறு.

குன்றின் மேல் போகும் பாதையில் வேறு வகைத் தவறு. விட்பியிலிருந்து ராபின் ஹுட்ஸ் பே சுமார் 11 கிலோமீட்டர் என்றதும் இரண்டு மணி நேரம் என்று கணக்குப் போடுகிறார்கள். விட்பி மடாலயத்துக்கு ஏறவே 199 படிகள். அப்புறம் பாதை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். விளிம்பில் நின்று படம் எடுக்கவே வேண்டாம். அடியில் மண் அரித்துப்போயிருப்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது.

வெயிலை நம்பி ஒரு மெல்லிய சட்டையோடு போவதும் சரியல்ல. இளவேனிலிலும் கோடையிலும் சூடான காற்று குளிர்ந்த வட கடல் மேல் வரும்போது திடீரென்று கடல்மூடுபனி கரையேறும். உள்ளூரில் இதை 'ஃப்ரெட்' என்பார்கள். பத்தடி தள்ளி இருப்பது மங்கிவிடும், குளிரும் சேர்ந்துகொள்ளும்.

ராபின் ஹுட்ஸ் பே கிராமத்துக்குள் காரை இறக்காதீர்கள். மேலேயே நிறுத்துமிடம் இருக்கிறது. கீழே சந்துகள் அவ்வளவு குறுகல், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

மூடுபனி இறங்கிவிட்டாலோ கால் ஓய்ந்துவிட்டாலோ குன்றுப் பாதையை விட்டுவிடலாம். 1965இல் மூடிய ரயில் பாதை இப்போது சிண்டர் ட்ராக் என்ற நடைபாதையாக, சற்று உள்ளே தள்ளி, விட்பிக்கே திரும்பிப் போகிறது. ரயில் போன வழி என்பதால் ஏற்றம் மெதுவாகத்தான் இருக்கும்.