தென் தாய்லாந்தில் பத்து ராய் பால்மரம்: மழையையும் விலையையும் பார்த்து வெட்டுவது எப்படி

போன மாதம் ஒரு தங்கை போன் செய்தாள். பினாங்குப் பெண். நக்கோன் சி தம்மராட்டில் கல்யாணமாகி வந்திருக்கிறாள். "அக்கா, மாமனார் எங்கள் பங்குக்குப் பத்து ராய் ரப்பர் எழுதிக் கொடுத்திருக்கிறார். வேறொருவரிடம் பங்குக்கு விட்டுவிடலாமா, நாங்களே பால் வெட்டலாமா? விலையை நம்பி இதில் இறங்கலாமா?" என்று கேட்டாள். போனில் அரை மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா முப்பது வருடம் பால் வெட்டினார். சொங்க்லா மாகாணத்தில் ரத்தபூம் பக்கம் மருமகளாக வந்து 16 வருடம் ஆகிறது. எங்களிடம் 14 ராய் இருக்கிறது, ஒன்பது ராயில் வெட்டு மரம், ஐந்து ராயில் இளங்கன்று. இரண்டரை ராய் ஏறக்குறைய ஓர் ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நானும் கணவரும்தான் வெட்டுகிறோம்.

முதல் வேலை மரத்தை எண்ணுவது. மூன்று மீட்டருக்கு ஏழு மீட்டர் இடைவெளியில் நட்டிருந்தால் ஒரு ராய்க்கு 76 மரம் வரும். காற்றில் விழுந்தது, வேர் நோயில் போனது எல்லாம் கழித்தால் எங்கள் ஒன்பது ராயில் 630 மரம்தான் நிற்கிறது. அப்புறம் ஒவ்வொரு மரத்தின் வெட்டுமுகத்தையும், அதாவது பால் வெட்டும் பக்கத்துப் பட்டையையும், பாருங்கள். இன்னும் கத்தி படாத பட்டை எவ்வளவு மிச்சம் இருக்கிறது, பழைய வெட்டில் புதுப் பட்டை வழவழப்பாக வளர்ந்திருக்கிறதா, முண்டும் முடிச்சுமாகப் புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். நிலப் பத்திரத்தைவிட இதுதான் உங்கள் தோட்டத்தின் உண்மையான மதிப்பைச் சொல்லும். இளமரமாக இருந்தால், தரையிலிருந்து 150 சென்டிமீட்டர் உயரத்தில் சுற்றளவு 50 சென்டிமீட்டர் வரும்வரை கத்தி வைக்காதீர்கள். நட்டு ஏழு வருடம் போல ஆகும். தோட்டத்தில் பாதி மரமாவது அந்த அளவுக்கு வந்த பிறகுதான் முதல் வெட்டு.

வெட்டு

இரவு ஒன்றரை மணிக்கு எழுந்துவிடுவோம். தலையில் விளக்கு, முழங்கால் வரை பூட்ஸ், இடுப்பில் கொசுவர்த்தி. இருட்டில் மரத்துக்குள் நீர் அழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழுக்க ஆரம்பித்துவிடும், ஓட்டம் சீக்கிரம் நின்றுவிடும்.

முந்தின வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் கோட்டுப்பாலை முதலில் உரிக்க வேண்டும். ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் ரிப்பன் மாதிரி ஒரே இழையாக வரும். அதைப் பையில் போடுங்கள், அதற்கும் விலை உண்டு. பால் பிடிக்கும் கிண்ணமான மங்கைத் துடைத்து நேராக வைத்துவிட்டு, இடப்பக்கம் மேலேயும் வலப்பக்கம் கீழேயுமாக, 30 டிகிரி சரிவில் கத்தியை இழுக்க வேண்டும். இங்கேயும் ஜெபோங் கத்திதான், அம்மா வைத்திருந்த அதே வகை. கையை வீசி வெட்டக் கூடாது. மணிக்கட்டால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, கூடவே காலும் மரத்தைச் சுற்றி நகர வேண்டும். சீவி விழும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர், மிஞ்சினால் இரண்டு.

ஆழம்தான் கஷ்டம். பால் குழாய்கள் உள்பட்டையில், கட்டைக்கு ஒட்டினாற்போல நெருக்கமாக இருக்கும். அதற்கும் உள்ளே மெல்லிய ஒரு படலம் இருக்கிறது, அதிலிருந்துதான் புதுப் பட்டை வளரும். அதைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் விட்டு நிறுத்த வேண்டும். தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டாகிவிடும், பிற்காலத்தில் அங்கே கத்தி ஓடாது. அம்மா இதை காதால் கற்றுக்கொடுத்தார்: கத்தி 'சர்'ரென்று போனால் சரி, 'டக்'கென்று சத்தம் வந்தால் கட்டையைத் தொட்டுவிட்டாய். இன்றைக்கும் இருட்டில் என் கண்ணைவிடக் காதைத்தான் நம்புகிறேன்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? நாங்கள் மரச்சுற்றில் மூன்றில் ஒரு பங்கு நீளம் கோடு போட்டு, இரண்டு இரவு வெட்டி ஓர் இரவு ஓய்வு விடுகிறோம். மழை, இலையுதிர்வு எல்லாம் போக வருடத்துக்கு 110 இரவு போலக் கிடைக்கும். அதில் 20 சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவாகப் பட்டை செலவாகும், ஆக ஒரு பக்கம் ஏழு வருடம் வரும். மூன்று பக்கமும் முடியும்போது முதல் பக்கத்தில் புதுப் பட்டை தயாராக இருக்கும். தினமும் வெட்டினால் அதே பக்கம் ஐந்து வருடத்துக்குள் தீர்ந்துவிடும். அதோடு சில மரங்களின் கோடு காய்ந்து பாலே வராமல் போய்விடும். பக்கத்துத் தோட்டத்தில் வரிசை வரிசையாக அப்படிப் பார்த்திருக்கிறேன், மனசு தாங்காது.

பங்குக்கு விடுவதாக இருந்தால் இங்கே நிலத்துக்காரருக்கு 60, வெட்டுகிறவருக்கு 40 என்றோ, 55க்கு 45, சில இடங்களில் பாதிக்குப் பாதி என்று பேசுவார்கள். பங்கு எவ்வளவு என்பதோடு, வாரத்துக்கு எத்தனை இரவு, ஈரப் பட்டையில் வெட்டக் கூடாது என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வெட்டுகிறவருக்கு இன்றைய பால்தான் கூலி. பத்து வருடம் கழித்து அந்தப் பட்டை எப்படி இருக்கும் என்ற கவலையை அவர்மேல் சுமத்த முடியாது, சுமத்துவது நியாயமும் இல்லை.

மழை

தென் தாய்லாந்து ஒரே வானிலை என்று நினைக்க வேண்டாம். திராங், கிராபி, பாங் ங்கா என்று அந்தமான் கடல் பக்கத்துக்கு மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை. எங்கள் சொங்க்லாவும் அந்தத் தங்கையின் நக்கோனும் வளைகுடாப் பக்கம். எங்களுக்குப் பெருமழை அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை. 2010 நவம்பரில் ஹாட்யாய் நகரமே மூழ்கியது, 2024 நவம்பர் கடைசியிலும் தெற்கில் பெரிய வெள்ளம் வந்தது. அந்த இரண்டரை மாதத்தை வருமானக் கணக்கில் சேர்க்காமல் குடும்பச் செலவைத் திட்டமிடுங்கள். கிடைக்கிற இரவுகளைக் கூடுதல் வரவாக வைத்துக்கொள்ளலாம்.

படுக்கப் போகும் முன் வானிலைத் துறையின் சத்திங் ப்ரா ரேடார் படத்தைப் பார்ப்பேன். மேகக்கூட்டம் எந்தத் திசையில் நகர்கிறது என்று ஒரு மணி நேரத்துப் படங்களை ஓட்டிப் பார்த்தால் போதும். ஆனால் கடைசி முடிவு உள்ளங்கையில்தான். இரவு எழுந்ததும் நாலைந்து மரத்தின் வெட்டுமுகத்தில் கையை வைத்துப் பார்ப்பேன். கை ஈரமானால் திரும்பி வந்து படுத்துவிடுவேன். ஈரப் பட்டையில் வெட்டினால் பால் மங்குக்குப் போகாமல் மரத்தின் மேல் பரவி வழிந்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து கருங்கோட்டு நோய்.

இது பட்டுத் தெரிந்துகொண்டது. 2020 அக்டோபரில் கையுறைத் தேவையால் விலை திடீரென்று ஏறியது. வருடக்கணக்காக அடிமட்ட விலையைப் பார்த்துச் சலித்துப்போயிருந்தோம். நவம்பரில் மழை விட்ட ஒவ்வோர் இரவும், பட்டை காயக்கூடக் காத்திருக்காமல் வெட்டினோம். டிசம்பரில் வெட்டுக்கோட்டுக்கு மேலே செங்குத்தாகக் கறுப்புக் கோடுகள். கத்தி நுனியால் லேசாகச் சுரண்டினால் உள்ளே கட்டை வரைக்கும் கறுத்திருந்தது. 43 மரம். அழுகியதைச் சீவி, மெட்டலாக்சில் மருந்தைக் கரைத்துத் தூரிகையால் பூசி, காயும்வரை கத்தி வைக்காமல் விட்டோம். மரம் பிழைத்துக்கொண்டது. அந்தப் பக்கத்துப் பட்டை மட்டும் இன்னும் முண்டு முண்டாகத்தான் இருக்கிறது. அந்த மூன்று வாரத்தில் கூடுதலாகக் கிடைத்த பணம் எதற்குச் செலவானது என்றுகூட நினைவில்லை.

இலையுதிர்வு இன்னொரு சோதனை. பிப்ரவரியில் இலை மஞ்சளாகி உதிரும், மார்ச்சில் துளிர்க்கும். புது இலை செம்பு நிறம் போய், இளம்பச்சையும் போய், கரும்பச்சையாகும்வரை வெட்டக் கூடாது. மரம் தன் சேமிப்பை எடுத்து இலை கட்டுகிற நேரம் அது. எங்கள் பக்கம் ஏப்ரல் கடைசி, சில வருடம் மே ஆகிவிடும். அந்த மாதங்களில் பெரும்பாலும் விலை நன்றாக இருக்கும், கை பரபரக்கும். எல்லோரும் வெட்டாமல் இருப்பதால்தான் அந்த விலையே வருகிறது என்பதை மறக்க வேண்டாம். வீட்டுச் செலவுக்கு அந்த மூன்று மாதப் பணத்தை முந்தின செப்டம்பருக்குள் ஒதுக்கிவிடுவோம்.

விற்பது

நான் வந்த புதிதில், 2011 பிப்ரவரியில், காய்ந்த ரப்பர்த் தகடான ஷீட்டின் விலை கிலோ 170 பாட்டையும் தாண்டியது. ஊரில் புது பிக்கப் வண்டி இல்லாத வீடு குறைவு. 2016 ஜனவரியில் அதே ஷீட் 40 பாட்டுக்கும் கீழே. இரண்டையும் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்: கச்சா எண்ணெய், சீனாவின் டயர் ஆலைகள், ஷாங்காய், ஒசாகா, சிங்கப்பூர் முன்பேரச் சந்தைகள், பாட்டின் மதிப்பு என்று விலையை அசைப்பது எல்லாம் நமக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. ரப்பர் ஆணையத்தின் ஹாட்யாய் மத்தியச் சந்தை விலையைத் தினமும் பாருங்கள், நல்லதுதான். ஆனால் நம் பணம் அதிகமாகக் கசிவது மத்தியச் சந்தை விலைக்கும் நம் ஊர்க் கடை கொடுப்பதற்கும் நடுவில்.

பச்சைப் பாலாக விற்றால் எடைக்குக் காசு கிடையாது, அதில் காய்ந்த ரப்பர் எவ்வளவோ அதற்குத்தான். அதை இங்கே எல்லோரும் 'பர்சென்ட்' என்கிறார்கள். தவுக்கே, அதாவது பால் வாங்கும் கடைக்காரர், ஒரு கரண்டி பால் எடுத்து, மிதவைக் கருவியிலோ மைக்ரோவேவிலோ பார்த்து ஒரு எண் சொல்வார். முதல் வருடங்களில் விலைப் பலகையை மட்டும் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு பாட் கூடக் கொடுக்கிற கடைக்கு மூன்று கிலோமீட்டர் அதிகம் ஓட்டிப் போவேன். பிறகு ஒரு நோட்டில் தேதி, எடை, பர்சென்ட், விலை, முந்தின நாள் மழை என்று எழுத ஆரம்பித்தேன். மூன்று மாதத்தில் தெரிந்துவிட்டது. அந்தக் கடையில் விலை 61, ஆனால் என் பால் அங்கே எப்போதும் 30 பர்சென்ட். பக்கத்துக் கடையில் விலை 60, பர்சென்ட் 33. 62 கிலோ பாலுக்கு முதல் கடையில் 1,134 பாட், இரண்டாவதில் 1,227 பாட். ஒரே இரவில் 93 பாட் வித்தியாசம்.

நீங்களும் இதைச் செய்யுங்கள். ஒரே நாள் பாலை இரண்டு கேனில் பிரித்து இரண்டு கடைக்குக் கொண்டுபோங்கள். வீட்டிலும் சோதிக்கலாம்: பத்து கிராம் பாலை எடுத்து, இரண்டு சொட்டு ஃபார்மிக் அமிலம் விட்டு உறையவைத்து, மெல்லிதாகத் தட்டி, நன்றாகக் காயவைத்து நிறுத்தால் மூன்று கிராமும் சில்லறையும் வரும். நகைக்கடைத் தராசு மாதிரி சின்னது ஒன்று போதும். மழைக்குப் பிறகு பர்சென்ட் தானாகவே இறங்கும். அதற்காகத் தவுக்கேயோடு சண்டை போடக் கூடாது, நோட்டைப் பார்த்தால் எது மழை, எது கடை என்று புரிந்துவிடும்.

பால் அன்றைக்கே விற்றாக வேண்டும். விலை சரிந்திருக்கும்போது, கையில் கொஞ்சம் பணமும் இருந்தால், ஷீட் போடுவோம். மூன்று லிட்டர் பாலுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கலந்து, வடிகட்டி, தட்டில் ஊற்றி, நீர்த்த ஃபார்மிக் அமிலம் விட்டு, நுரையை வழித்துவிட வேண்டும். உறைந்ததும் மிதித்து, உருளையில் விட்டு மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவந்து, கழுவி, நிழலில் தொங்கவிட வேண்டும். ஒரு ஷீட் ஒரு கிலோ போல இருக்கும். சில வாரம் வைத்து விற்கலாம். மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும், அப்போது வைக்காதீர்கள். கந்தக அமிலம் மலிவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ரப்பரும் கெடும், மங்கில் விட்டால் மரமும் கெடும். மழை வருமோ என்று சந்தேகமான நாட்களில் மங்கிலேயே அமிலம் விட்டுக் கட்டிப்பாலாக்கிவிடுவோம். நாற்றம் தாங்க வேண்டும், விலை குறைவு, ஆனால் தண்ணீரில் கரைந்து போகாது.

மற்றவை சுருக்கமாக. தோட்டத்தைக் கணவர் பெயரில் ரப்பர் ஆணையத்தில் பதிந்துவிடுங்கள், மறுநடவு மானியத்துக்கும் மற்ற உதவிகளுக்கும் அதுதான் வழி. ஐரோப்பாவுக்குப் போகும் ரப்பருக்கு 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளையவில்லை என்ற சான்று கேட்கப்போகிறார்கள். அதனால் நிலத்தின் எல்லை அளவையும் அப்போதே கொடுத்துவிடுங்கள். உரத்தை வருடம் இரண்டு தடவை, மண்ணில் ஈரம் இருக்கும்போது. நிழலில் மியாங் கீரை நடுங்கள். மே, அதாவது என் மாமியார், மரத்தடியில் அறுபது செடி வைத்திருக்கிறார். வெட்டு இல்லாத மாதத்தில் வாரச் சந்தைச் செலவு அதில் நடக்கிறது.

அந்தத் தங்கையிடம் நான் கடைசியாகச் சொன்னது: முதல் வருடம் பாதித் தோட்டத்தைப் பங்குக்கு விடு, பாதியில் நீயும் அவரும் வெட்டுங்கள். நோட்டு இரண்டுக்கும் தனித்தனியாகப் போடு. பெருமழைக்கு முன்னால் ஒரு நாள் வந்து வெட்டுமுகங்களைப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குள் மாமனாரிடம் பழைய தீட்டுக்கல் இருக்கிறதா என்று கேட்டு வைக்கச் சொன்னேன். இருந்தால் புதுக் கல் வாங்க வேண்டாம். பழைய கல்லில்தான் ஜெபோங் கத்தியின் மூலைக்கு நல்ல கூர் வரும்.