குவெரியில் நிபந்தனையையும் பட்டியலையும் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குவெரி என்பது டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் கட்டளை. அதன் கட்டளைச் சொல்லில் எழுத்துப்பிழை இருந்தால் குவெரி ஓடவே ஓடாது, அது நல்லதுதான். நிபந்தனைகளைத் தப்பாகச் சேர்த்த குவெரி எந்தப் புகாரும் இல்லாமல் ஓடி, தப்பான விடையைக் கொடுக்கும். பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

சென்னை, மதுரை வாடிக்கையாளர்களில் பாக்கி வைத்திருப்பவர்கள் வேண்டும் என்று வையுங்கள். "ஊர் சென்னை ஆர் ஊர் மதுரை அண்ட் பாக்கி > 0" என்று எழுதினால், எஸ்கியூஎல் (குவெரி எழுதும் மொழி) 'அண்ட்' என்பதைத்தான் முதலில் பிணைக்கும். மதுரையில் பாக்கிக்காரர்கள் மட்டும், சென்னையில் எல்லாரும் வந்து நிற்பார்கள். ஊர் நிபந்தனைகளை அடைப்புக்குறிக்குள் போடுங்கள், அல்லது 'இன்' (இந்தப் பட்டியலில் ஏதாவது ஒன்று) பட்டியலாக எழுதுங்கள்.

இதைவிட மோசமானது 'நாட் இன்' (இந்தப் பட்டியலில் இல்லாதது). ஒரு ஆர்டர்கூடப் போடாதவர்களைத் தேடுகிறீர்கள்: வாடிக்கையாளர் எண், ஆர்டர் டேபிளில் உள்ள எண்களில் 'நாட் இன்'. அந்த டேபிளில் கவுன்டரில் நேரடியாக விற்ற ஒரே ஒரு வரிக்கு வாடிக்கையாளர் எண் இல்லை, 'நல்' (மதிப்பே இல்லை என்ற குறி) என்று இருக்கிறது. போச்சு, ஒரு வரியும் வராது. ஏன்? '5 நாட் இன் (1, 2, நல்)' என்பதை டேட்டாபேஸ் '5 ≠ 1, 5 ≠ 2, 5 ≠ நல்' என்று பிரித்து 'அண்ட்' போட்டுக் கோக்கிறது. கடைசி ஒப்பீட்டின் விடை உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை, 'தெரியாது'. மொத்தமும் 'தெரியாது' ஆகிவிடும். குவெரியில் நிபந்தனை எழுதும் 'வேர்' பகுதி உண்மையானதை மட்டுமே உள்ளே விடும். சோதனை டேட்டாவில் பெரும்பாலும் நல் இருக்காது என்பதால் டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகிவிடும். இந்த வேலைக்கு 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' (பொருந்தும் வரி ஒன்றுகூட இல்லை என்ற நிபந்தனை) எழுதிப் பழகுங்கள்.

அப்புறம் காலிப் பட்டியல். 'இன் ()' என்பதை எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ் ஏற்கும். போஸ்ட்கிரெஸும் மைஎஸ்கியூஎல்லும் பிழை என்று தள்ளும். அதைச் சமாளிக்க, பட்டியல் காலியானால் நிபந்தனையையே விட்டுவிடும் புரோகிராம் கோடு நிறைய இடத்தில் இருக்கிறது. வரிகளை அழிக்கும் டிலீட் குவெரியில் அப்படிச் செய்தால் டேபிள் முழுக்கக் காலி. பட்டியல் காலி என்றால் குவெரியை அனுப்பாமலே திரும்புங்கள்.

பைத்தான் மொழியில் ஜாங்கோ (வலைத்தளம் கட்டும் ஃபிரேம்வொர்க்) எழுதுபவர்கள், அதில் நிபந்தனையை வைக்கும் 'கியூ' இரண்டுக்கு நடுவே 'அண்ட்' என்ற சொல்லைப் போடக்கூடாது; '&' குறிதான் வேண்டும். சொல்லைப் போட்டால் பைத்தான் இரண்டாவதை மட்டும் திருப்பித் தரும், முதல் நிபந்தனை சத்தமில்லாமல் காணாமல் போகும். பைத்தானின் டேட்டா அலசும் லைப்ரரியான பாண்டாஸில் இதே தவறு செய்தால் 'வேல்யூ எரர்' வந்து அங்கேயே நின்றுவிடும்.