நிலத்துக்கடியில் நிக்கல் தேடுவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு செய்முறை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆழத்தில் கிடக்கும் நிக்கலை நேரடியாகக் காட்டும் புவி இயற்பியல் கருவி எதுவும் கிடையாது. நாம் தேடுவது அதன் கூட்டாளிகளை. நிக்கல் தாதுவான பென்ட்லன்டைட், பிர்ரோட்டைட் என்ற இரும்பு சல்பைடோடும் சால்கோபைரைட் என்ற செம்புத் தாதுவோடும் சேர்ந்தே கிடக்கும். பிர்ரோட்டைட் மின்சாரத்தை அருமையாகக் கடத்தும், பெரும்பாலும் காந்தத்தன்மை உள்ளது, எடையும் அதிகம். முழு ஆட்டமும் இதை வைத்துத்தான்.

உதாரணத்துக்கு மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரேசர் ரேஞ்சை எடுத்துக்கொள்வோம். 2012 ஜூலையில் சிரியஸ் ரிசோர்சஸ் நிறுவனம் அங்கே நோவா படிவைக் கண்டுபிடித்தது.

படி 1: இலவச வரைபடத்தில் தொடங்குங்கள்

ஆஸ்திரேலிய அரசு விமானத்தில் அளந்த காந்தப்புலத் தரவுகளை இலவசமாகவே தருகிறது. இறக்கி, கியூஜிஐஎஸ் மென்பொருளில் திறந்து பாருங்கள். மெக்னீசியமும் இரும்பும் மிகுந்த கரும்பாறைகள் ஊடுருவிய இடம்தான் நமக்கு வேண்டும். நோவா பகுதியின் காந்தப் படத்தில் ஒரு கண் வடிவம் அப்படியே தெரியும்; ‘தி ஐ’ என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் காந்தம் காட்டுவதெல்லாம் தாது இல்லை. சாதாரண மேக்னடைட்டும் அதே அளவு பிரகாசிக்கும்.

படி 2: மண் மாதிரி

நிக்கலும் செம்பும் ஒரே இடத்தில் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். நிக்கல் மட்டும் கூடியிருந்தால் அது வெறும் பாறையின் குணமாக இருக்கலாம். நோவாவில் இரண்டும் சேர்ந்தே வந்தன.

படி 3: மின்காந்த ஆய்வு

இங்கேதான் நிதானம் வேண்டும். வீட்டில் இண்டக்சன் அடுப்பு இருக்கிறதா? உள்ளே இருக்கும் சுருளில் ஓடும் மாறுமின்னோட்டம், மேலே வைத்த பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்பிச் சூடாக்குகிறது. மண்சட்டியை வைத்தால் ஒன்றும் நடக்காது. நம் ஆய்வும் அதே கதைதான். சுருளுக்குப் பதில் தரையில் விரித்த 200 மீட்டர் சதுரக் கம்பி வளையம். பாத்திரத்துக்குப் பதில் பூமிக்குள் கிடக்கும் சல்பைடு.

வளையத்தில் மின்னோட்டத்தைச் செலுத்திச் சட்டென்று நிறுத்துங்கள். அந்த நொடியில் அடியில் சுழல் மின்னோட்டம் பிறக்கும், அப்புறம் மெல்லத் தேயும். எவ்வளவு மெதுவாகத் தேய்கிறது என்பதைத்தான் உணரி அளக்கிறது. அளந்ததும் வளையத்தை 100 மீட்டர் நகர்த்தி மறுபடியும் அதே வேலை.

மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு தொல்லை உண்டு. மேலே உள்ள சிதைந்த மண்ணில் உப்புநீர் ஊறியிருப்பதால் அதுவும் மின்சாரம் கடத்தும். ஆனால் அந்தச் சத்தம் சீக்கிரம் அடங்கிவிடும். இடைவெளியின்றித் திரண்டு கிடக்கும் திண்ம சல்பைடு நூற்றுக்கணக்கான மில்லிசெகண்டுகள் வரை முனகிக்கொண்டே இருக்கும். அதனால் மின்னோட்டத்தைச் செலுத்தி நிறுத்தும் அதிர்வெண்ணைக் குறைவாகத் தேர்ந்தெடுங்கள். பாதி நேரம் மின்னோட்டத்தை நிறுத்தி வைக்கும் கருவியில் 0.25 ஹெர்ட்ஸ் வைத்தால், ஒவ்வொரு முறையும் கேட்க ஒரு முழு நொடி கிடைக்கும். இதே ஆய்வைப் பறந்தபடி 25 ஹெர்ட்ஸில் செய்யும் ஹெலிகாப்டருக்கு 10 மில்லிசெகண்டுதான்.

ஒரு வேடிக்கை: தாது மிக மிக நன்றாகக் கடத்தினால் சாதாரணச் சுருள் உணரி அதைத் தவறவிட வாய்ப்புண்டு. சுருள் அளப்பது புலம் மாறும் வேகத்தை. மாற்றமே மந்தமாக இருந்தால் அதற்கு என்ன தெரியும்? புலத்தையே நேரடியாக அளக்கும் ஸ்க்விட் உணரி அதனால்தான் மதிப்புப் பெற்றது.

களத்தில் கவனிக்க வேண்டியவை: காற்றில் உணரி ஆடக்கூடாது, சிறு குழி தோண்டி உள்ளே வையுங்கள். இடி மின்னல் இருந்தால் அன்றைக்கு ஓய்வு. கம்பி வேலி பக்கம் போகாதீர்கள். நான் ஒருமுறை புதருக்குள் விழுந்துகிடந்த பழைய வேலியைக் கவனிக்காமல், அழகான ஒரு ‘கடத்தி’யை இரண்டு நாள் கொண்டாடினேன்.

படி 4: தேய்மான வரைகோடு

நேரம் போகப் போகச் சிக்னல் எப்படித் தேய்கிறது என்பதை, சிக்னலுக்கு மட்டும் மடக்கை அளவுகோல் வைத்து வரையுங்கள். பிற்பகுதி நேர்கோடாக இறங்கினால் தனிக் கடத்தி ஒன்று அங்கே இருக்கலாம். இரண்டு அச்சிலும் மடக்கை வைத்தபோதுதான் நேராகிறது என்றால் பெரும்பாலும் அது மேல்மண். அப்புறம் மேக்ஸ்வெல் போன்ற மென்பொருளில் கடத்திக்குப் பதிலாக ஒரு கற்பனைத் தகட்டை வைத்து, தரவோடு ஒத்துப்போகும்வரை ஆழத்தையும் சாய்வையும் மாற்றிப் பாருங்கள். தகட்டின் மேல்விளிம்பு தரைமட்டத்திலேயே வந்தால் எனக்குச் சந்தேகம் வரும். அங்கே மேல்பகுதி சல்பைடு எப்போதோ துருவாகியிருக்கும்.

கிராஃபைட் படிந்த பாறைதான் பெரிய ஏமாற்றுக்காரன்; அதுவும் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கடத்துதிறன் ஆயிரக்கணக்கான சீமென்ஸ் வந்தால் நம்பிக்கை கூடும், ஆனால் உறுதியாகாது. தகடு கரும்பாறை உடலோடு ஒட்டியிருக்கிறதா, படி 2-இன் செம்பு அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். பாறைக்குள் சிதறிக் கிடக்கும் சல்பைடு இந்த முறைக்கு அகப்படாது. அதற்கு, பாறையில் மின்சாரம் செலுத்தி நிறுத்தியபின் அதில் தேங்கிய மின்னேற்றம் வடிவதை அளக்கும் தூண்டு முனைவாக்க முறை இருக்கிறது.

படி 5: துளை

தகட்டின் நடுவைக் குறிவைத்துத் துளையிடுங்கள். நோவாவின் கண்டுபிடிப்புத் துளையில் 4 மீட்டர் நீளத்துக்கு 3.8% நிக்கல் கிடைத்தது. எல்லோருக்கும் முதல் துளையே அப்படி அமையாது. ஒன்றும் கிடைக்கவில்லை என்றாலும் துளையை உடனே மூடாதீர்கள். பிவிசி குழாயை இறக்கி, உள்ளே உணரியை விட்டு, மேலே வளையத்தை விரித்து மறுபடி அளந்து பாருங்கள். துளை தொடாமல் விலகிப்போன கடத்தியும் அதன் சுவரிலிருந்து பல பத்து மீட்டர் தள்ளியிருந்தே குரல் கொடுக்கும். அது எந்தப் பக்கம் என்று பார்த்து அடுத்த துளையை அந்தப் பக்கம் சாய்த்துப் போடுங்கள்.