"வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள்

சேலம் அம்மாப்பேட்டையில் என் அப்பா தறியை விட்டு இறங்கிய பிறகும், சாயங்காலமானால் தட்டுவடை செட் சாப்பிடக் கிளம்பிவிடுவார். ஒரு கட்டத்தில் அது நின்றது. முதலில் வயிறு சரியில்லை என்றார், அப்புறம் முதுகு வலி, அப்புறம் விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு. ஸ்கேன் எடுத்தோம், ரத்தம் பார்த்தோம், ஒன்றும் இல்லை. "வயசானா அப்படித்தான்" என்று நாங்களே முடிவு கட்டி ஐந்து மாதத்தை வீணாக்கினோம். அது மனச்சோர்வு. வயதானவர்களுக்கு அது பல நேரம் அழுகையாக வராது. வலியாகவும் பசியில்லாமலும் வரும். "மனசு சரியில்ல" என்று சொல்லிப் பழகாத தலைமுறை அது. நாம்தான் கேட்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை பார்த்த என் பெரியம்மா, இரண்டே நாளில் ஆளே மாறிப்போனார். செத்துப்போன அண்ணனைக் கூப்பிட்டார். போர்வை மேல் இல்லாத காபிப் பழத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தார். காத்து கருப்பு என்று மந்திரிக்க ஆள் தேடினார்கள். கடைசியில் பார்த்தால் சிறுநீர்த் தொற்று! மருந்து ஏறியதும் சில நாளில் தெளிந்துவிட்டார். இதற்கு டெலிரியம் என்று பெயர். நிமோனியா, உடம்பில் சோடியமோ நீரோ குறைவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, ஏன் மலச்சிக்கல்கூட இதைக் கிளப்பும். மறதி நோய் பெரும்பாலும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வரும். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ குழப்பம் வந்தால் அது அவசரம். காலைப் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மலையிலிருந்து இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மறதி என்றாலும் உடனே கைவிட வேண்டாம். தைராய்டு, வைட்டமின் பி12 குறைவாலும் மறதி வரலாம், இரண்டையும் பார்த்துவிடுங்கள். காது கேட்காததையும் சிலர் மறதி என்று நினைத்துவிடுகிறார்கள்.

தூக்கம் வரவில்லை என்று மெடிக்கலில் அல்பிரசோலம் கேட்டு வாங்காதீர்கள். அந்த மாத்திரை மயக்கத்தில் ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது தள்ளாடி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தால் படுக்கைதான். மனச்சோர்வு மாத்திரை வேறு வகை. அதற்கு அடிமையாகிவிடுவோம் என்று பயப்பட வேண்டாம். ஆனால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு இன்னும் கூடுதலாக ஆகும். "ஒரு வாரம் ஆச்சு, ஒண்ணும் தெரியல" என்று அப்பா நிறுத்தப் பார்த்தார். டாக்டரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக் கூடாது.

"நான் போயிட்டா உங்களுக்கு நிம்மதி" என்று யாராவது சொன்னால், "என்ன பேச்சு இது" என்று அடக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தனியாக விடாதீர்கள், பூச்சிமருந்தை வீட்டை விட்டு அகற்றுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து லேகியம் உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள்.