தாய்லாந்து பெண்களுக்கு கேன்சர் கேள்வித்தாள் தயார் பண்றது எப்படி

கேன்சர் வந்தவங்களோட வாழ்க்கைத் தரத்த அளக்குற கேள்வித்தாள தாய்ல கொண்டு வரணும்னா (தாய்லாந்து மொழிங்க, தாய்மொழி இல்ல) மொதல் வேலை மொழிபெயர்க்கிறது இல்ல, ஏற்கனவே இருக்கான்னு தேடுறது. ஈஓஆர்டிசியோட (ஐரோப்பாவுல இருக்குற கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு) கியூஎல்கியூ-சி30ங்கிற கேள்வித்தாள், 1993ல வந்தது, 30 கேள்வி, அதுக்கும் அதே மாதிரி இன்னொரு கேள்வித்தாளான ஃபாக்ட்-ஜிக்கும் தாய் வடிவம் ஏற்கனவே இருக்கு. சி30 கூட சேத்துக் குடுக்க மார்பக கேன்சருக்கு பிஆர்23, கர்ப்பப்பை வாய் கேன்சருக்கு சிஎக்ஸ்24னு தனித்தனி இணைப்பு உண்டு, உங்களுக்கு வேண்டியது தாய்ல இருக்கான்னு ஈஓஆர்டிசிகிட்டயே கேளுங்க. பெர்மிஷன் வாங்காம ஒரு வரி கூட மாத்தக்கூடாது.

இல்லேன்னா வழக்கமான ரூட்தான்: ரெண்டு பேர் தனித்தனியா தாய்ல எழுதணும், மூணாவது ஆள் ரெண்டையும் சேத்து ஒண்ணாக்கணும், மூலத்த பாக்காத வேற ஆளுங்க அத திரும்ப இங்கிலீஷ்ல எழுதணும். இங்கதான் நெறைய பேர் ஏமாறுறாங்க. வார்த்தைக்கு வார்த்தை எழுதின மோசமான தாய் வாக்கியம் திரும்ப இங்கிலீஷுக்கு வரும்போது அச்சு அசலா வந்து நிக்கும், எல்லாரும் கைதட்டிட்டு போயிருவாங்க.

உதாரணத்துக்கு சி30ல பொழுதுபோக்கு பத்தி ஒரு கேள்வி வரும். தாய்ல அதுக்கு 'ங்கான் அதிரேக்'னு பள்ளிக்கூட வார்த்தை இருக்கு, 'ங்கான்'னா வேலை. ஈசான் (தாய்லாந்தோட வடகிழக்கு) பக்கம் வயல்ல வேலை பாத்த, நாலாங்கிளாஸோட நிறுத்தின பாட்டிகிட்ட இத கேட்டா, நெசவு நெய்யுறதையும் கோயிலுக்கு போறதையும் அதுல சேப்பாங்களா? டிக்‌ஷனரி சொல்லாது, அவங்கதான் சொல்லணும்.

அதனால உண்மையான வேலை நோயாளிங்களோட உக்காந்து பேசுறது, 10லேருந்து 15 பேர் வரை. 'புரிஞ்சுதா?'ன்னு மட்டும் கேட்டுடாதீங்க. தாய்லாந்துல 'கிரெங் ஜாய்'னு ஒண்ணு இருக்கு, அடுத்தவங்களுக்கு தொந்தரவு குடுக்கக் கூடாது, மனசு நோகக் கூடாதுங்கிற கூச்சம், நம்ம ஊர் சங்கோஜத்துக்கு கிட்ட வரும். புரியலேன்னாலும் 'புரிஞ்சுது'ன்னு சிரிச்சுட்டே சொல்லுவாங்க, அதுவும் டாக்டர் கேட்டா கேக்கவே வேணாம். ட்ரீட்மென்ட் குடுக்காத ஒரு பெண் உக்காந்து, 'இதையே பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேக்கணும்னா எப்படி கேப்பீங்க?'ன்னு கேக்கட்டும், அவங்க வாயிலேருந்து வர்ற வார்த்தைய அப்படியே எழுதிக்கோங்க.

பதிலுக்கும் இதே சிக்கல். சி30ல பெரும்பாலான கேள்விக்கு 'இல்லவே இல்ல', 'கொஞ்சம்', 'ஓரளவு நெறைய', 'ரொம்ப'ன்னு நாலு படி, இதுல மூணாவது படிதான் எப்பவும் வழுக்கும். நாலையும் தனித்தனி அட்டையில எழுதி கலைச்சுக் குடுத்து வரிசையா அடுக்கச் சொல்லுங்க, ரெண்டும் மூணும் இடம் மாறிட்டே இருந்தா வார்த்தை தப்பு.

பாங்காக் ஆஸ்பத்திரியில மட்டும் ஆள் எடுக்காதீங்க. வடகிழக்குல பேச்சு லாவோ மாதிரி, சியாங் மாய் பக்கம் வேற, தெற்கு வேற, தெற்குக் கோடியில பட்டாணிங்கிற மாகாணத்து பக்கம் நெறைய பேருக்கு வீட்டு மொழி மலாய்.

தாம்பத்தியம் பத்தின கேள்விங்க பிஆர்23லயும் சிஎக்ஸ்24லயும் இருக்கு. கூச்சப்படுவாங்கன்னு நீங்களா தூக்கிடாதீங்க, அந்தக் கேள்விங்கள சேத்து மார்க் போடுற ஸ்கேலே உடைஞ்சிரும். தனி ரூம், அவங்களே டிக் பண்ணி கவர்ல போட்டு ஒட்டுறது, புருஷனும் பிள்ளைங்களும் வெளிய. இப்படி பண்ணியும் காலியா விட்டா அதுவும் ஒரு தகவல்தான், எத்தன பேர் எந்தக் கேள்விய விட்டாங்கன்னு எண்ணி வைங்க.

பிரிண்ட் எடுக்குறப்போ ஒரு விஷயம், தாய் எழுத்துல ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல இடைவெளி கெடையாது. கம்ப்யூட்டர் பாட்டுக்கு நடு வார்த்தையில வரிய ஒடச்சா அர்த்தமே மாறலாம், மேல கீழ வர்ற குறி எல்லாம் சின்ன எழுத்துல தெரியாது, பெருசாவே போடுங்க.

கடைசியா பெரிய குழுவுக்கு குடுத்து சோதிக்கணும். ஆல்ஃபா (ஒரே பகுதியில இருக்குற கேள்விங்க ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுதான்னு காட்டுற எண்) 0.7க்கு மேல வந்தா போதும்னு நிறுத்தாம, நடமாடுறவங்களுக்கும் படுக்கையில இருக்குறவங்களுக்கும் மார்க்ல வித்தியாசம் தெரியுதான்னு பாருங்க. சி30ல மார்க் 0லேருந்து 100, செயல்பாட்டுப் பகுதியில அதிகம்னா நல்லது, அறிகுறிப் பகுதியில அதிகம்னா மோசம், ரெண்டையும் அப்படியே கூட்டி மொத்தம் போட்டு வைக்காதீங்க.