தூரத்தில் போர், எரிவாயு எங்கே: செய்தியைச் சரிபார்ப்பது எப்படி

எங்காவது ஒரு போர் மூண்டால் போதும், இரண்டே வாரத்தில் ‘ஆப்பிரிக்காவுக்கு அடித்தது யோகம், இனி எரிவாயு அங்கிருந்துதான்’ என்று கட்டுரைகள் வர ஆரம்பித்துவிடும். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபோதும் இதேதான். அப்படி ஒரு செய்தி கண்ணில் பட்டால் நம்பலாமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம், பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கை வைத்துக் காட்டுகிறேன்.

முதலில் தேதிகளைத் தேடுங்கள். விலை ஒரே நாளில் ஏறும், கடலுக்கடியில் கிடக்கும் எரிவாயு அப்படி ஏறி வராது. மொசாம்பிக்கின் ‘கோரல் சுல்’ மிதக்கும் ஆலையிலிருந்து முதல் எல்என்ஜி (குளிரவைத்துத் திரவமாக்கிய எரிவாயு) கப்பல் கிளம்பியது 2022 நவம்பரில். போர் தொடங்கி ஒன்பதாவது மாதம், அதனால் போர்தான் காரணம் என்று தோன்றும். ஆனால் அங்கே கடலடியில் எரிவாயு இருப்பதைக் கண்டுபிடித்தது 2012ல், பணம் போட முடிவானது 2017ல், 432 மீட்டர் நீளமுள்ள அந்த ஆலையைத் தென்கொரியாவில் கட்டி மொசாம்பிக் கடலுக்கு இழுத்து வந்து சேர்த்தது 2022 ஜனவரியில். சண்டை அப்போது ஆரம்பிக்கவே இல்லை.

அப்புறம், அந்த எரிவாயு ஏற்கெனவே யாருக்கு விற்றாகிவிட்டது என்று பாருங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். கோரல் சுலில் வரும் எல்என்ஜி முழுவதையும் 20 வருடத்துக்கும் மேல் பிரிட்டனின் பிபி எண்ணெய் நிறுவனம் எடுத்துக்கொள்வதாக 2016லேயே கையெழுத்தாகிவிட்டது. 2022 ஆகஸ்டில் ஐரோப்பாவில் எரிவாயுவுக்கு அளவுகோலாகப் பார்க்கும் டிடிஎஃப் சந்தை விலை, ஒரு மெகாவாட்-மணி ஆற்றல் தரும் வாயுவுக்கு 300 யூரோவைத் தாண்டியது உண்மை. அந்த ஏற்றம் யார் பைக்குப் போகும் என்பது ஒப்பந்தத்தில் விலையை எப்படி நிர்ணயித்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. சந்தை விலையைப் பார்த்து ‘நாடு பணக்காரன் ஆகிவிட்டது’ என்று எழுதுபவர் அந்தத் தாளைப் படித்திருக்க மாட்டார்.

அளவையும் ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். பத்து லட்சம் டன் எல்என்ஜி என்றால் ஏறக்குறைய 136 கோடி கன மீட்டர் வாயு. கோரல் சுலின் திறன் வருடத்துக்கு 34 லட்சம் டன், அதாவது 460 கோடி கன மீட்டர் போல. ஐரோப்பிய ஒன்றியம் 2021ல் ரஷ்யாவிடம் வாங்கியதோ சுமார் 15,500 கோடி. அதில் கோரல் சுலின் பங்கு நூற்றுக்கு மூன்று!

சரி, இப்போது முக்கியமான கேள்வி: உள்ளூரில் என்ன சண்டை? மொசாம்பிக்கின் வடக்கே, இந்த எரிவாயு கிடக்கும் கடலை ஒட்டிய காபோ டெல்காடோ மாகாணத்தில் 2017லிருந்து ஆயுதக் குழுக்களின் தாக்குதல். 2021 மார்ச்சில் பால்மா நகரம் தாக்கப்பட்டதும், பக்கத்தில் அஃபுங்கியில் 2,000 கோடி டாலர் ஆலை கட்டிக்கொண்டிருந்த பிரெஞ்சு நிறுவனமான டோட்டல் எனர்ஜிஸ் ஆட்களை வெளியேற்றி, ஏப்ரலில் ‘ஃபோர்ஸ் மெஜூர்’, அதாவது கைமீறிய காரணத்தால் ஒப்பந்த வேலையை நிறுத்துகிறோம் என்று அறிவித்தது. உலகமே எரிவாயுவுக்கு அலைந்த 2022ல், விலை உச்சியில் நின்றபோது, அந்த இடம் அப்படியே கிடந்தது. அந்த அறிவிப்பை விலக்கிக்கொண்டது 2025 நவம்பரில்தான். கோரல் சுல் தப்பித்ததற்குக் காரணம் அது கரையில் இல்லை, நடுக்கடலில் இருக்கிறது.

அதற்காகத் தூரத்துப் போர் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. 2021 ஜூலையிலேயே ருவாண்டா படைகள் அங்கே இறங்கியிருந்தன, 2022 டிசம்பரில் அந்தப் படைக்கென்று ஐரோப்பிய ஒன்றியம் 2 கோடி யூரோ ஒதுக்கியது. தனக்கு எரிவாயு தேவைப்பட்ட நேரத்தில் வந்த அக்கறை அது என்றுதான் நான் படிக்கிறேன். ஆகவே போரின் தாக்கத்தை உற்பத்திப் புள்ளிவிவரத்தில் மட்டும் தேடாதீர்கள், காவலுக்கும் கடனுக்கும் யார் பணம் தருகிறார்கள் என்றும் பாருங்கள்.

பழகிப் பார்க்க ஒன்று: அதே கடலில் ‘கோரல் நார்த்தே’ என்ற இரண்டாவது ஆலைக்கு 2025 அக்டோபரில் முதலீட்டு முடிவு எடுத்தார்கள், உற்பத்திக்கு இலக்கு 2028. அந்த வருடம் எந்தப் போர் நடந்துகொண்டிருந்தாலும் அதன் கணக்கில் இதை எழுதுவார்கள், அப்போது இந்தத் தேதியை எடுத்துக் காட்டுங்கள்.