சீட் மாறினால் சேவ் குழம்பும்

கோத்தகிரியில் ஐப்பசி மழைக்குக் கரண்ட் அடிக்கடி போகும். ஜிபிஏ (கேம் பாய் அட்வான்ஸ்) கருவிக்கான ஃபயர் எம்பளம் என்ற போர் கேமை ராண்டமைசரில் (கேமின் உள்ளடக்கத்தைத் தாறுமாறாக மாற்றும் மென்பொருள்) கலக்கி ஆடியபோது, ரோமைப் (கேம் ஃபைல்) புதிதாய் உருவாக்கிப் பழைய சேவ் ஸ்டேட்டை ஏற்றினேன். 'அட்டாக்' அமுக்கியதும் திரை உறைந்தது.

சேவ் ஸ்டேட் மெமரியை அப்படியே பிடித்துவைக்கும். அதிலுள்ள முகவரிகள் பழைய ரோமுக்கானவை. ராண்டமைசர் தகவலை இடம் மாற்றி எழுதியிருந்தால் கேம் தப்பான இடத்தைப் படிக்கும்.

கலக்காத மூல ரோம், அதே ராண்டமைசர் பதிப்பு, அதே சீட் (கலக்கலைத் தீர்மானிக்கும் குறியீடு), அதே செட்டிங்ஸ்: நான்கும் பொருந்தினால் அதே ரோம் திரும்பக் கிடைக்கும். கலக்கிய ரோமையே மறுபடி கலக்கக் கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான். சீட்டையும் செட்டிங்ஸையும் ரோம் பக்கத்திலேயே ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் போட்டுவையுங்கள்.

சேவ் ஸ்டேட்டை விட்டு கேமின் சஸ்பெண்டை (பாதியில் நிறுத்தித் தொடர கேமே வைத்திருக்கும் பதிவு) நம்பலாம். ஒவ்வொரு வீரர் நகர்ந்ததும் அதுவே பதிவாகும். செத்த வீரர் மட்டும் திரும்ப மாட்டார்!